639 வெள்ளி: கடனோடு இருந்த ஒரு தம்பதியர் குழந்தை பற்றி எடுத்த முடிவு

சிங்கப்பூரின் செங்காங்கில் வசிக்கும் ஒரு தமிழ்த் தம்பதியர், கடன் தீராத நிலையில் குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்ற கேள்வியோடு 2025 பிப்ரவரியில் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் சரக்குக் கப்பல் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்கு வரவு செலவுக் கணக்கைப் பிரித்துப் பார்க்க உதவுவது இப்போது என் வழக்கமாகிவிட்டது. ரிவர்வேல் கிரசெண்டில் உள்ள முருகன் கோயிலில் பழக்கமானவர்கள் என்பதால் இருவரும் என்னை அக்கா என்றே அழைப்பார்கள். அவர்களுடைய இசைவோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன், தொகைகளை மாற்றவில்லை.

வருவதற்கு முன்பே அவர்களுக்கு இரண்டு விதமான அறிவுரைகள் நிறையக் கிடைத்திருந்தன. கடனை வைத்துக்கொண்டு பிள்ளை பெறுவது அந்தப் பிள்ளைக்கே செய்யும் துரோகம் என்றார் கணவரின் நண்பர். மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்றார் மனைவியின் பெரியம்மா. இரண்டு பேரும் அன்போடு சொன்னவர்கள்தாம். ஆனால் அவர்களுடைய வரவு என்ன, கடன் எத்தனை, அது என்ன வட்டியில் ஓடுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. சிங்கப்பூரின் மொத்தக் கருவள விகிதம் (ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் குழந்தைகளின் சராசரி எண்ணிக்கை) 2023ல் முதன்முறையாக ஒன்றுக்குக் கீழே இறங்கி 0.97 ஆனது, 2024லும் அதே அளவில் நின்றது என்ற செய்தியை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். அந்த எண்ணுக்குப் பின்னால் இப்படிக் கணக்குப் போடாமலேயே வேண்டாம் என்று ஒதுங்கிய வீடுகளும் இருக்கும் என்பது என் எண்ணம்.

குடும்பமும் கடனும்

கணவருக்கு 36 வயது. கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளர். மாதச் சம்பளம் 3,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மனைவிக்கு 34 வயது. தனியார் மருந்தகம் ஒன்றின் முகப்பில் வேலை. சம்பளம் 3,000 வெள்ளி. கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதிக்கு இருவர் பங்கும் 20 விழுக்காடு போக, கையில் வருவது 5,440 வெள்ளி. திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கான மாதத் தவணை 1,380 வெள்ளி, இருவரின் சேம நிதிச் சாதாரணக் கணக்கிலிருந்தே கழிந்துவிடுகிறது. ஆகவே வீட்டுக் கடனை அவர்கள் கடனாகவே எண்ணவில்லை. அந்த எண்ணம் எங்கே உடைந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அவர்கள் கடன் என்று சொன்னவை மூன்று. வீட்டைப் புதுப்பிக்க வாங்கிய வங்கிக் கடனில் 11,700 வெள்ளி மீதியிருந்தது. மாதம் 415 வெள்ளி, இன்னும் முப்பது தவணைகள். கணவரின் பெயரில் இருந்த இரண்டு கடன்பற்று அட்டைகளில் (கிரெடிட் கார்டு) திருமணச் செலவு, தேனிலவு, வீட்டுச் சாமான்கள் என்று ஏறியது போக 19,400 வெள்ளி நின்றது. மூன்றாவது, மனைவியின் வளையல்களும் ஒரு சங்கிலியும் சிராங்கூன் சாலைப் பக்கம் ஓர் அடகுக் கடையில் இரண்டு சீட்டுகளாக 4,000 வெள்ளிக்கு இருந்தன.

முதல் சந்திப்பில் மனைவி ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து அடகுச் சீட்டுகளை எடுத்து, மடிப்பு விழுந்த இடத்தை உள்ளங்கையால் இரண்டு மூன்று முறை நீவி மேசைமீது வைத்தார். “வளைகாப்புக்குப் போட வளையல் இல்லாம எப்படிக்கா பிள்ளை பெத்துக்கிறது?” என்று கேட்டார். அவர் கேட்டது பணக் கேள்வி மட்டுமல்ல என்பது எனக்குப் புரிந்தது. ஆனால் பணக் கேள்வியை முதலில் முடித்தால்தான் மற்றதைப் பேச முடியும் என்பதால் கட்டம் போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக் கணக்கைத் தொடங்கினோம்.

கணக்கில் விழுந்த ஓட்டை

கணவரின் தாயாருக்கு மாதம் 400, மனைவியின் பெற்றோருக்கு 300. காப்புறுதிக்கு 380. மின்சாரம், தண்ணீர், தொலைபேசி, நகர மன்றக் கட்டணம் எல்லாம் சேர்த்து 330. பயணத்துக்கு 260, சாப்பாட்டுக்கும் மளிகைக்கும் 1,200, மற்றவற்றுக்கு 400. ஆக 3,270 வெள்ளி. இதோடு புதுப்பிப்புக் கடன் தவணை 415, அட்டைகளின் குறைந்தபட்சத் தொகை 582, அடகு வட்டிக்காக ஒதுக்கும் 60 ஆகியவற்றைக் கூட்டினால் 4,327 வரும். 5,440லிருந்து இதைக் கழித்தால் மாதம் 1,113 வெள்ளி மிஞ்ச வேண்டும். அவர்களுடைய வங்கிக் கணக்கிலோ கடந்த நான்கு மாதங்களில் எந்த மாதமும் 500 வெள்ளிகூட மிஞ்சியதில்லை.

மனைவி தன் கைச்செலவுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டு, தான் வாங்கிய சேலை, தோழியின் பிறந்தநாள் பரிசு என ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். ஆனால் ஒரு குடும்பத்தின் சில்லறைச் செலவு மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குமே தவிர, நான்கு மாதங்களாக ஒரே தொகையாகக் குறையாது. வங்கிகளிலும் அட்டைகளிலும் உள்ள கடன்களைக் காட்டும் கடன் அறிக்கையைக் கணவர் ஏற்கெனவே எடுத்து வந்திருந்தார். அதில் புதிதாக எதுவும் இல்லை. உரிமம் பெற்ற கடன்கொடுப்பவரிடம் வாங்கும் கடன் அந்த அறிக்கையில் வராது, அதற்கென்று தனியாக ஒரு கடன் தகவல் மையம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அப்படி ஒரு கடன் இருக்கிறதா என்ற கேள்வியை அன்று நான் கேட்கவில்லை. மனைவியின் எதிரில் கேட்டுவிடக் கூடாது என்று தயங்கினேன். அடுத்த வாரம் வரச் சொன்னேன்.

அடுத்த வாரம் கணவரே சொன்னார். பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தவர், தேநீர் ஆடை படிந்து ஆறிப்போன பிறகு, “அக்கா, இன்னொன்னு இருக்கு” என்றார். முந்தைய ஆண்டு தங்கையின் திருமணத்தில் அண்ணன் முறைக்குச் செய்ய வேண்டியதற்குக் கையில் பணம் இல்லாமல், உரிமம் பெற்ற கடன்கொடுப்பவரிடம் 6,000 வெள்ளி வாங்கியிருக்கிறார். நிர்வாகக் கட்டணம் 10 விழுக்காடு கழித்துக் கையில் வந்தது 5,400. மாதம் 4 விழுக்காடு வட்டியில் பன்னிரண்டு தவணைகள், தவணைக்கு 639 வெள்ளி. நான்கு தவணைகள் கட்டியிருந்தார், 4,300 மீதி. அந்தக் கட்டணமும் வட்டியும் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு; கடன் கொடுத்தவர் சட்டத்தை மீறவில்லை. ஒரு தவணை தவறினால் அந்த மாதத்துக்கு 60 வெள்ளி வரை தாமதக் கட்டணமும், நிலுவைத் தொகைக்குத் தனி வட்டியும் சேரும் என்ற பயத்தில்தான் ஒவ்வொரு மாதமும் அதை முதல் ஆளாகக் கட்டி வந்திருக்கிறார்.

மனைவி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?” என்று மட்டும் கேட்டார். அன்று அதற்குமேல் கணக்குப் பார்க்கவில்லை.

இந்த நிகழ்வில் நான் முதன்மையாகக் கருதுவது இந்த இடத்தைத்தான். 19,400 வெள்ளி என்ற பெரிய எண்தான் அவர்களைக் குழந்தை வேண்டாம் என்று தள்ளிக்கொண்டிருந்தது. ஆனால் குழந்தைக்கு இடம் விடாமல் மாத வரவை உண்மையில் அடைத்துக்கொண்டு நின்றது, அதைவிட மிகச் சிறிய ஒரு கடனுக்காகக் கட்டிய, ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருந்த அந்த 639 வெள்ளி. அது இருக்கும்வரை மாத மிச்சம் 474 வெள்ளிதான். குழந்தைக்கு ஆகும் செலவை நாங்கள் எவ்வளவு இறுக்கிப் போட்டாலும் அதற்குள் அடங்கவில்லை. அது போய்விட்டால் அடங்குகிறது.

காத்திருப்பதன் விலை

கடனெல்லாம் அடைந்த பிறகு குழந்தை என்பதுதான் கணவரின் நிலைப்பாடு. அது பொறுப்பான பேச்சாகத்தான் காதில் விழுகிறது. ஆனால் அவர் கட்டி வந்தது அட்டைக் கடனின் குறைந்தபட்சத் தொகை, அதாவது நிலுவையில் 3 விழுக்காடு. அட்டை வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 27 விழுக்காடு, மாதம் 2.25 விழுக்காடு. 19,400 வெள்ளிக்கு அவர் கட்டும் 582 வெள்ளியில் 436 வெள்ளி வட்டிக்கே போய், அசலில் 146 மட்டும் குறைகிறது. நிலுவை குறையக் குறையக் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகையும் குறைந்துகொண்டே வரும். அந்த அட்டையில் இனி ஒரு காசுகூடச் செலவு செய்யாமல் இப்படியே கட்டி வந்தாலும், ஏழு ஆண்டுகள் கழித்தும் பாதிக்கு மேல் நிற்கும். அப்போது மனைவிக்கு 41 வயது. முப்பத்தைந்துக்குப் பிறகு கருத்தரிக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. கருச்சிதைவுக்கான வாய்ப்பு கூடுகிறது. ஆகவே “கடன் அடைந்த பிறகு” என்ற சொல்லுக்கு, அவர்கள் கடனைக் கட்டிய விதத்தில், “குழந்தை வேண்டாம்” என்பதே பொருள். அந்த முடிவை அவர்கள் தெரிந்து எடுத்திருந்தால் நான் மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டேன். அவர்கள் அறியாமலே அட்டை அறிக்கையின் கீழே அச்சடித்த ஒரு தொகை அதை எடுத்துக்கொண்டிருந்தது.

என் பங்குக்கு நானும் தவறினேன். முதலில் நான் சொன்ன யோசனை, இரண்டு ஆண்டுகள் இறுக்கிப் பிடித்து அட்டைக் கடனை முடித்துவிட்டுப் பிறகு பார்ப்போம் என்பது. “ரெண்டு வருஷத்துல எனக்கு முப்பத்தாறுக்கா. உடனே தங்கலேன்னா?” என்றார் மனைவி. என் கணக்கில் பணத்துக்கு மட்டும் வட்டி போட்டிருந்தேன், வயதுக்குப் போடவில்லை.

கடனைக் குறைத்து அடுக்கும் வழிகளைப் பார்த்தோம். வங்கிகள் தரும் கடன் ஒருங்கிணைப்புத் திட்டம் 2017 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் அது பிணையில்லாக் கடன் மாத வருமானத்தைப் போல் பன்னிரண்டு மடங்கைத் தாண்டியவர்களுக்கானது. கணவருக்கு அந்த எல்லை 45,600 வெள்ளி. இவருடைய கடன் அதற்கு வெகு கீழே. கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு, தவணை கட்ட முடியாமல் தவிப்பவர்களுக்காக வங்கிகளோடு பேசித் திருப்பிச் செலுத்தும் திட்டம் வகுத்துத் தருகிறது. இவர் ஒரு தவணையும் தவறாதவர் என்பதால் வேறு வழி திறந்திருந்தது. வங்கி ஒன்றில் மூன்று ஆண்டுத் தனிநபர் கடன், உண்மை வட்டி ஏறத்தாழ 8 விழுக்காட்டில் கிடைத்தது. அதை வைத்து இரண்டு அட்டைகளையும் முழுதாக அடைத்தார்கள். புதிய தவணை மாதம் 608 வெள்ளி. முன்பு கட்டிய 582ஐ விட 26 வெள்ளிதான் கூடுதல். ஆனால் இது 36 மாதங்களில் முடிந்துவிடும். இரண்டு அட்டைகளையும் மூடினார்கள். மூடாமல் வைத்திருந்தால் இந்த வழியை நான் பரிந்துரைத்திருக்க மாட்டேன். அட்டையைக் காலி செய்துவிட்டு மறுபடி ஏற்றி, இரண்டு கடனையும் சுமக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

கடன்கொடுப்பவரின் 4,300 வெள்ளியை, மனைவி தன் கணக்கில் சேர்த்து வைத்திருந்த 6,200 வெள்ளியிலிருந்து ஒரே தடவையில் கட்டினார்கள். சேமிப்பு 1,900 ஆகச் சுருங்கியது அவருக்குப் பெரும் கலக்கம். ஆனால் மாதம் 4 விழுக்காடு தின்னும் கடனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வங்கியில் சேமிப்பு வைத்திருப்பது ஓட்டைக் குடத்தில் நீர் நிறைப்பதாகும். இதற்குப் பிறகு மாத மிச்சம் 1,087 வெள்ளி.

தொட்டில் மாதங்கள்

அடுத்து, குழந்தை பிறந்தபின் முதல் பதினெட்டு மாதங்களை மாதம் மாதமாக எழுதினோம். இதற்கு இரண்டு மாலைகள் பிடித்தன.

முதல் குழந்தைக்கு, அது சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றதாகவும் பெற்றோர் சட்டப்படி மணமானவர்களாகவும் இருந்தால், அரசாங்கத்தின் குழந்தைப் போனஸ் ரொக்கமாக 11,000 வெள்ளி கிடைக்கிறது. அது ஒரேயடியாக வருவதில்லை. பிறந்தவுடன் 3,000, ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் தலா 1,500, பதினெட்டாம் மாதம் 1,000. அதன்பின் இரண்டு வயது முதல் ஆறரை வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 400. “போனஸ் வந்ததும் வளையலை மீட்டுடலாம்” என்று கணவர் உற்சாகமாகச் சொன்னபோது, அந்த நோட்டிலேயே நான் மறுத்து எழுதினேன். முதல் பதினெட்டு மாதங்களில் வருவது 7,000, அதாவது மாதத்துக்கு 390 வெள்ளிகூட இல்லை. பாலுக்கும் டயப்பருக்கும் மருத்துவருக்கும் நாங்கள் போட்ட மாதச் செலவு 350. குழந்தையின் பெயரில் வருவதைக் கடனுக்குத் திருப்பினால், குழந்தையின் செலவு மறுபடியும் அட்டைக்குத்தான் போகும்.

குழந்தையின் மேம்பாட்டுக் கணக்கில் அரசாங்கம் தொடக்க மானியமாகப் போடும் 5,000 வெள்ளிக்குப் பெற்றோர் முதலில் எதுவும் போட வேண்டியதில்லை. அதை ரொக்கமாக எடுக்க முடியாது. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட சிசுப் பராமரிப்பு நிலையத்தில் கட்டணமாகச் செலுத்தலாம். வேலை பார்க்கும் தாய்க்கு சிசுப் பராமரிப்பில் மாதம் 600 வெள்ளி அடிப்படை மானியமும், குடும்ப வருமானம் அப்போதைய எல்லையான 12,000க்கு மேற்போகாவிட்டால் கூடுதல் மானியமும் உண்டு. மானியங்கள் போக அவர்கள் விசாரித்த நிலையத்தில் மாதம் 400 வெள்ளி அளவில் கட்ட வேண்டியிருக்கும் என்று தெரிந்தது. ஆகவே பராமரிப்புக் கட்டணத்தின் முதல் பன்னிரண்டு மாதங்களை அந்த 5,000 வெள்ளியே தாங்கிவிடும்.

விடுப்புக் கணக்கும் சாதகமாக இருந்தது. தாய்க்குச் சம்பளத்தோடு 16 வாரம், தந்தைக்கு 2025 ஏப்ரல் முதல் 4 வாரம். பெற்றோர் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு 2025 ஏப்ரலில் 6 வாரமாகத் தொடங்கியது. 2026 ஏப்ரல் முதல் பிறக்கும் குழந்தைக்கு 10 வாரம். ஒருவர் மாற்றி ஒருவர் எடுத்தால் குழந்தைக்கு ஏறத்தாழ ஏழு மாதம் ஆகும்வரை நிலையத்தில் விட வேண்டியதில்லை.

மனைவிக்கு அதற்குமேலும் ஓர் ஆசை இருந்தது: சம்பளமில்லாமல் ஆறு மாதம் வீட்டில் இருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக் கடனைக் கடனாக எண்ணாதது இங்கேதான் இடித்தது. கணவரின் சாதாரணக் கணக்கில் மாதம் சேர்வது 798 வெள்ளி. மனைவியின் கணக்கில் 690. இவை இரண்டும் சேர்ந்துதான் 1,380 வெள்ளித் தவணையைச் சுமக்கின்றன. அவர் சம்பளமில்லா விடுப்பில் போனால் அந்த 690 நின்றுவிடும். வீடு வாங்கும்போதே இருவர் கணக்கும் காலியாகிவிட்டதால், குறையும் 582 வெள்ளியை ரொக்கமாகக் கட்ட வேண்டும். கைக்கு வரும் 2,400 சம்பளமும் இல்லை. குழந்தைச் செலவையும் சேர்த்தால் மாதம் 2,245 வெள்ளி பற்றாக்குறை. ஆறு மாதத்துக்கு 13,470. நான் அந்த எண்ணை எழுதியதும் அவர் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, தானே ஒருமுறை கூட்டிப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கத்தின்மேல் ஒரு கோடு போட்டுவிட்டு, “சரிக்கா” என்றார். இந்தக் கணக்கு முழுவதிலும் எனக்கு மனம் வலித்த இடம் அதுதான். கடன் அவர்களிடமிருந்து உண்மையாகவே பறித்தது அந்த ஆறு மாதங்களை.

முடிவு

2025 மார்ச்சில் அவர்கள் எடுத்த முடிவு: ஐந்து மாதம் மட்டும் காத்திருப்பது. அந்த ஐந்து மாத மிச்சத்தில் சேமிப்பை நிரப்புவது, பிறகு முயல்வது. அடகு விஷயத்தில் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. அடகு வட்டி மலிவு என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். சட்டம் அனுமதிக்கும் மாதம் 1.5 விழுக்காடு ஆண்டுக்கு 18 விழுக்காடு, அவர்களுடைய புதிய வங்கிக் கடனைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். ஆகவே நகையை முதலில் மீட்பதே கணக்குக்குச் சரி. ஆனால் கைச்சேமிப்பு 1,900 வெள்ளியாக இருக்கும்போது எல்லாவற்றையும் மீட்டால், ஒரு மாதம் வேலை போனாலும் மறுபடி அதே கடைக்குத்தான் போக வேண்டும். இறுதியில் 1,500 வெள்ளிச் சீட்டை மட்டும் மீட்டார்கள், சங்கிலி வந்தது. வளையல் சீட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி கட்டிப் புதுப்பித்துக்கொண்டு, இன்னும் கடையில் இருக்கிறது. ஆகஸ்டு இறுதியில் சேமிப்பு 5,800 வெள்ளியைத் தொட்டது.

கணவரின் தாயாரிடமும் நிலைமையைச் சொல்லிவிட்டார்கள். மூன்று ஆண்டுகளாக வாரம் தவறாமல் “விசேஷம் உண்டா” என்று கேட்டு வந்தவர், கடன் விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்பதை விட்டுவிட்டார். யாரும் அவரிடம் காரணம் சொல்லாததால்தான் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

இதே கணக்கை வைத்து இன்னொரு தம்பதியர் வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தாலும் நான் அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். கணவருக்குத் தவணை தவறும் பழக்கம் இருந்திருந்தால், அல்லது அந்த இரகசியக் கடன் சட்டவிரோதமாகக் கடன் கொடுக்கும் ஆலோங்கிடம் வாங்கியதாக இருந்திருந்தால், காத்திருங்கள் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். மனைவிக்கு 28 வயதாக இருந்திருந்தால் என் முதல் யோசனையிலேயே நின்றிருப்பேன்.

இதை எழுதும் 2026 மார்ச்சில் வங்கிக் கடனில் பன்னிரண்டு தவணைகள் முடிந்து 24 மீதியிருக்கின்றன. மனைவிக்கு ஐந்தாம் மாதம். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் பார்க்கிறார்கள். பிரசவத்துக்கு முந்தைய பரிசோதனைச் செலவில் 900 வெள்ளி வரை, சேம நிதியின் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவிலிருந்து எடுக்கலாம். அதற்கான ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அடகுச் சீட்டுகளை வைத்திருந்த அதே பிளாஸ்டிக் உறையில்தான் இப்போது அந்த ரசீதுகள் இருக்கின்றன. கடன் முடிந்ததென்று கடன்கொடுப்பவர் கொடுத்த கடிதமும் வளையல் சீட்டும் அவற்றோடு இருக்கின்றன. வளைகாப்புக்குத் தன்னுடைய வளையல்களைத் தருவதாகக் கணவரின் தாயார் சொல்லியிருக்கிறாராம்.